மொட்டையின் முதுகு

...முதுகும் போச்சு, நேத்து வரைக்கும் கழுத்து மட்டும்தான் வெறுமையா இருந்தது, இன்னைக்கு ரெண்டு இறக்கைக்கும் நடுவுல கட்டைவிரல் நகம் அளவுக்குத் தோல் தெரியுது, அதுல ரெண்டு சிவப்புப் புள்ளி, புதுசு, காலையில நடந்ததுதான், எத்தனை மணி நேரத்து ரத்தம் என்ன நிறத்துல இருக்கும்னு எனக்கா தெரியாது, ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல முப்பத்தி நாலு வருஷம் வேற என்னத்தைப் பாத்துக்கிட்டு இருந்தேன், இது ஒரு மணி நேரத்துக்குள்ள, அப்படின்னா நான் பல் விளக்கிக்கிட்டு இருந்தப்போ நடந்திருக்கு, ஆனா பண்ணினது யாரு, அதானே கேள்வி, ரவுடியைத்தான் நாலு நாளைக்கு முன்னாடியே பிடிச்சுச் சின்னக் கூண்டுல போட்டு அலமாரி மேல ஏத்தியாச்சே, அது அங்க சுவத்தைப் பாத்துக் கத்திக்கிட்டு இருக்கு, கம்பியைத் தாண்டி வந்து பிடுங்கிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்துக்க அது என்ன மந்திரவாதியா... மொட்டை எப்பவும் போல ஓரக்குச்சியில உடம்பை உப்பவெச்சுக்கிட்டு, கழுத்தை உள்ள இழுத்துக்கிட்டு, குளிர்ல நிக்கற கிழவன் மாதிரி, ஒரு விரல் நீளம்கூட இல்லாத உசிரு, அதுக்கு இருக்கறதே நாலு இறகு, அதையும் பிடுங்கித் தின்னா எப்படி, தின்னுச்சா, கீழ ஒண்ணும் விழுந்து கிடக்கலையே, தட்டுல தினைத்தோலு கிடக்கு, எச்சம் கிடக்கு, இறகு எங்க... சே, நாலு நாளா ஒரு நிரபராதியையா உள்ள வெச்சிருக்கேன்.

மொத்தமே நாலு குருவி, ஃபிஞ்ச்னு சொல்லணும், பொத்தாம் பொதுவா குருவின்னு சொன்னா என் மகளுக்குப் பிடிக்காது, சின்ன வயசுல இருந்தே எதுக்கும் சரியான பேரைச் சொல்லணும் பாப்பாவுக்கு... வேலையில இருந்து ஓய்வு பெற்ற அன்னைக்கு எல்லாருக்கும் கைக்கடிகாரம் குடுப்பாங்க, எனக்கு மட்டும் சலவைக்கூடத்துல இஸ்திரி உருளை ஓட்டறவர் முன்னாடி வந்து துணியால மூடின ஒரு கூண்டைக் கையில குடுத்தாரு, சார், வீட்டுல சும்மா உட்கார்ந்தா நீங்க அக்காவைப் படுத்தி எடுத்துடுவீங்க, மேற்பார்வை பண்ண உங்களுக்கு ஏதாவது வேணும்னாரு, எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன்... உள்ள ஒரு ஜோடி, ஆம்பளைக்குக் கன்னத்துல ஆரஞ்சு வட்டம், அதுக்குத்தான் அப்புறம் ரவுடின்னு பேர் வந்தது, பொம்பளை சாம்பல் நிறம், சத்தமே இல்லாத ஜென்மம், அது அம்மாக்காரி, ஏன்னா கூண்டோட சேத்து வைக்கோல்ல ஒரு உருண்டைக் கூடும் குடுத்திருந்தாங்க, அதுல முட்டை போட்டு ரெண்டு பொரிச்சுது, ஒண்ணு மொட்டை, இன்னொண்ணு வாலு, ரெண்டும் பறக்கப் பழகித் தானா தின்ன ஆரம்பிச்சதும் அந்தக் கூட்டைக் கழட்டி எறிஞ்சேன், பின்ன, நாலு எட்டாகி எட்டு பதினாறானா வீட்டுல மனுஷன் எங்க போறது... அதுக்கப்புறம் கூண்டு கண்ணாடி மாதிரி, தினமும் ஒம்பது மணிக்குத் தட்டை எடுத்து, பேப்பரை மாத்தி, குச்சியைத் தேச்சு, எழுபத்தோரு டிகிரி வெந்நீர், ஆஸ்பத்திரிக் கணக்கு, தெர்மாமீட்டர் வெச்சுத்தான், மூணு நிமிஷம், தண்ணிக் கிண்ணத்துக்குப் பின்னாடி மூலையில மட்டும் எங்கிருந்தோ தினமும் ஒரு குப்பை சேரும், பேப்பர் கிழிசல், நூலு, பூஞ்சை மாதிரி ஏதோ வெள்ளையா, அதையும் விரலை விட்டு வழிச்சுடுவேன், வர்றவங்க கிட்டப் போய் மோந்து பாத்துட்டு, அட வாசனையே இல்லையேம்பாங்க, எனக்கு அது போதும்.

முதல்ல பேன்னுதான் நினைச்சேன், ஒரு வாரம் கூண்டையே வேகவெச்சு எடுத்தேன், என் வீட்டுக்காரி அடுப்படியில இருந்து, குருவியையும் சேத்து வேகவெச்சுடாதீங்கன்னா, பேன் இல்லை, கழுத்து இன்னும் கொஞ்சம் வெளுத்ததுதான் மிச்சம், அப்புறம்தான் ரவுடி மேல கண்ணு போச்சு, போகாம என்ன செய்யும், அது அந்தத் தண்ணிக் கிண்ணத்து மூலையை அப்பன் வீட்டுச் சொத்து மாதிரி காவல் காத்துக்கிட்டு யார் கிட்ட வந்தாலும் மூக்கை நீட்டிக்கிட்டுப் பாயும், வாலு ஒரு தடவை தண்ணி குடிக்கப் போய்த் தலைகீழா விழுந்தது, பெத்த பிள்ளைங்கன்னுகூடப் பாக்காத கொலைகாரப் பாவின்னு திட்டிட்டு அன்னைக்கே பிடிச்சுத் தனி வார்டுல போட்டேன்... சத்தம் போடறவன்தான் தப்புப் பண்ணினவன், இதுதானே எங்கேயும் வழக்கம், சலவைக்கூடத்துலயும் போர்வைக் கட்டு ஒண்ணு குறைஞ்சா முதல்ல வாயாடியைத்தான் கூப்பிட்டு விசாரிப்பேன், கடைசியில பாத்தா வாயே திறக்காத ஒரு சாது அதை வேற வார்டு வண்டியில ஏத்தி அனுப்பியிருக்கும், ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க... சரி, இப்ப ரவுடியை இறக்கறதா வேண்டாமா, இறக்கினா நான் தப்புப் பண்ணிட்டேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும், யார்கிட்ட, குருவிகிட்டயா, நல்லா இருக்குய்யா உன் கௌரவம்.

அதுவும் இன்னைக்குன்னு பாத்து... சாயங்காலம் அஞ்சு மணிக்கு வண்டி வருது, பாப்பா போறா, மருந்துக்கடையில அவகூட வேலை பாக்கற ரெண்டு பொண்ணுங்க எடுத்திருக்கற வீட்டுல ஒரு அறை காலியாம், நேத்து சாப்பிடும்போது தட்டைப் பாத்துக்கிட்டே சொன்னா, போகட்டுமான்னு கேக்கலை, போறேன்னு சொன்னா... புருஷன் வீட்டுக்குன்னாலாவது ஒரு நியாயம் இருக்கு, ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு மத்தியானம் ஒரு பெட்டியும் ஒரு தலையணையுமா வாசல்ல வந்து நின்னா, முப்பத்தோரு வயசுப் பொண்ணு, ஒத்துவரலைப்பா, அவ்வளவுதான், அதுக்கு மேல அவளும் சொல்லலை, நாங்களும் கேக்கலை, மாப்பிள்ளை குடிக்கற ஆளு இல்லை, அடிக்கற ஆளு இல்லை, அப்ப என்னதான்னு என் வீட்டுக்காரி அழுதா, நான்தான் ரெண்டு நாள் விடு, கோபம் ஆறினா தானாப் போவான்னேன், பக்கத்து வீட்டுக்காரர் கேட்டப்பவும் அதையேதான் சொன்னேன், ரெண்டு நாள் வந்திருக்கா, ரெண்டு நாள் ரெண்டு மாசமாச்சு... இங்க அவளுக்கு என்ன குறை, அதைச் சொல்லட்டுமே, தனி அறை, நேரத்துக்குச் சாப்பாடு, கழட்டிப் போட்ட துணி மறுநாள் மடிச்சு வந்துடும், எந்த வீட்டுல அப்பன் துவைச்சுப் போடறான், ஆனா அம்மாவும் மகளும் இருக்காங்களே, பக்கெட்டுக்குச் சண்டை, சீப்புக்குச் சண்டை, முந்தாநாள் ஒரு கப்புக்கு, என் கப்பை எங்கம்மா வெச்சேன்னு பாப்பா, நான் எடுக்கலைடின்னு அம்மா, நீ எடுக்காம அதுக்குக் கால் முளைச்சுப் போச்சான்னு பாப்பா, தொண்டை கிழிய, கடையில அவ்வளவு மெதுவாப் பேசற பொண்ணு... நான் பேப்பரை மடிச்சு வெச்சுட்டு ரெண்டு பேரும் வாயை மூடுங்கன்னேன், அப்புறம் என் வீட்டுக்காரியைத் தனியாக் கூப்பிட்டுக் கண்டிச்சேன், பெரியவ நீ, விட்டுக்குடுத்தா என்ன குறைஞ்சா போயிடுவே, அவ என்னை ஒரு பார்வை பாத்துட்டுப் பாத்திரம் கழுவப் போயிட்டா.

பறவைகளுக்குன்னே ஒரு டாக்டரம்மா இருக்காங்கன்னு பாப்பாதான் போன மாசம் நம்பரை எழுதிக் ஃப்ரிட்ஜ் மேல ஒட்டினா, நான் கூப்பிடலை, முப்பத்தி நாலு வருஷம் ஆஸ்பத்திரியில இருந்தவனுக்கு ஒரு குருவியைப் பாத்துக்கத் தெரியாதா... இன்னைக்குக் கூப்பிட்டேன், வேற வழி, சின்ன வயசுக் குரல், தீனி என்ன, தண்ணி எத்தனை தடவை, குளிக்கக் கிண்ணம் வெச்சிருக்கீங்களா, எல்லாத்துக்கும் டக்கு டக்குன்னு பதில் சொன்னேன், எழுபத்தோரு டிகிரியையும் சொன்னேன், ஆகான்னு சொல்லுவாங்கன்னு பாத்தா சொல்லலை, பிடுங்கின இறகை அது என்ன பண்ணுதுன்னு கேட்டாங்க, என்ன பண்ணும், தெரியலை, கீழ போடுதா, திங்குதா, எடுத்துக்கிட்டுப் போகுதா, தெரியலைம்மா, நான் பாக்கலை, இத்தனை நாளா யாரு யாருன்னுதான் அலைஞ்சேனே தவிர என்னன்னு பாக்கவே இல்லை. "கூண்டைத் தொடாம ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்க சார். பாத்துட்டுக் கூப்பிடுங்க." தொடாம... அதை எதுக்கு அவ்வளவு அழுத்திச் சொன்னாங்கன்னு தெரியலை.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தா கை சும்மா இருக்க மாட்டேங்குது, தட்டுல எச்சம், பத்து மணியாச்சு, ஒம்பது மணி வேலை அப்படியே கிடக்கு... சலவைக்கூடத்துல நான் எப்பவாவது சும்மா உட்கார்ந்து பாத்திருக்கேனா, அங்க மெஷினுக்கு ரெண்டு கதவு, இந்தப் பக்கம் அழுக்கு அறை, அந்தப் பக்கம் சுத்த அறை, நடுவுல சுவரு, அழுக்கு ஒரு கதவு வழியா உள்ள போகும், சுத்தமா மறு கதவு வழியா வெளிய வரும், அழுக்கு அறை ஆளு குளிச்சு உடுப்பு மாத்தாம சுத்த அறைக்குள்ள காலை வைக்கக் கூடாது, என்ன அழகான ஏற்பாடு, அந்தப் போர்வையில யார் படுத்தாங்க, பிழைச்சாங்களா போனாங்களா, எதுவும் சுத்த அறைக்கு வராது, போர்வை மட்டும் வரும், தலையணை உறைக்குள்ள மூக்குக்கண்ணாடி இருக்கும், பல்செட்டு இருக்கும், ஒரு தடவை ஒரு குழந்தையோட ஒத்தைச் சாக்ஸ், டப்பாவுல போட்டு வார்டுக்கு அனுப்புவோம், பாதி திரும்பி வந்துடும், ஆளு கிளம்பியாச்சு சார்னு... ஆங், தலையணை, பாப்பா அன்னைக்குப் பெட்டியோட கொண்டு வந்தாளே, எவளாவது தாய் வீட்டுக்குத் தலையணையைத் தூக்கிக்கிட்டு வருவாளா, இங்க இல்லாத தலையணையா, மறுநாள் அவ வேலைக்குப் போனதும் மெஷின்ல போட்டேன், எழுபத்தொண்ணுலதான், பஞ்சு கட்டி கட்டியாத் திரண்டு போச்சு, சாயங்காலம் வந்து அதைத் தொட்டுப் பாத்தா, பரவாயில்லப்பான்னா, அப்புறம் அடுப்படிக்குப் போய், இவ்வளவு உப்பை யார் திம்பாங்கன்னு அம்மாகிட்ட ஒரு கத்து கத்தினா, பாரேன், அன்னைக்கு உப்பு சரியாத்தான் இருந்தது.

இதோ பாப்பாவே வந்துட்டா, டேப் வேணுமாம், அட்டைப்பெட்டி ஒட்டற டேப், மேல் டிராயர்ல இடது பக்கம்னு சொன்னேன், இந்த வீட்டுல எது எங்க இருக்குன்னு எனக்கு மட்டும்தான் தெரியும், வேற ஏதாவது சொல்லியிருக்கலாம், போகாதேன்னு சொல்லியிருக்கலாம், டேப் எங்க இருக்குன்னு சொன்னேன், அட மடையா... அவ கூண்டு முன்னாடி ஒரு நிமிஷம் நின்னா, முதுகையும் பிடுங்கிடுச்சாப்பா, ரவுடிதான் மேல இருக்கேன்னா, அதான் பாத்துக்கிட்டு இருக்கேன்னேன், பாவம்னு சொல்லிட்டுப் போயிட்டா, கொஞ்ச நேரத்துல உள்ள டேப்பை உருவற சத்தம், கிர்ர்ருனு, பல்லு கூசுது, அந்தச் சத்தத்துக்கு நடுவுலதான் அம்மாக்காரி இறங்கி வந்தது, அந்தச் சாது, மொட்டையை ஒட்டி உட்கார்ந்து முதல்ல கன்னத்தைக் கோதி விட்டுது, தலையைக் கோதி விட்டுது, பெத்தவளாச்சேன்னு நானும் பாத்துக்கிட்டே இருக்கேன், அப்படியே முதுகுக்குப் போய் வெடுக்குன்னு ஒரு இழுப்பு, மொட்டை ஒரே ஒரு தடவை கீச்சுன்னுது, பறந்து போகலை, நகரக்கூட இல்லை, அம்மாக்காரி மூக்குல பொடியா ஒரு இறகு, தின்னலை, கீழ போடலை, நேரா தண்ணிக் கிண்ணத்துக்குப் பின்னாடி அந்த மூலைக்குப் போய் அதை வெச்சு, மூக்கால ஒரு அழுத்து அழுத்தி, மேல உட்கார்ந்து நெஞ்சால ஒரு சுத்து சுத்திப் பாத்துது, போதலை போல, எழுந்து திரும்பப் போய் இன்னொண்ணு... கோபமே இல்லை அதுகிட்ட, துணி மடிக்கற மாதிரி அவ்வளவு நிதானமா ஒரு வேலை பாக்குது, அந்த மூலை, நான் தினமும் விரலை விட்டு வழிக்கற மூலை, பூஞ்சை பூஞ்சைன்னு நினைச்சுக் கழுவினேனே, அது அத்தனையும் மொட்டையோட இறகு.

திரும்பக் கூப்பிட்டுப் பாத்ததைச் சொன்னேன், கூடு வெச்சிருக்கீங்களா சார்னாங்க, குஞ்சு பெருசானதும் எடுத்துட்டேன்மா, எண்ணிக்கை கூடிடும்னு, புல்லு, நாரு ஏதாவது போடறீங்களா, குப்பையாகும்னு போடறதில்லைம்மா. "அது கெட்ட குருவி இல்ல சார். அதுக்குக் கூடு கட்டற நேரம். கட்ட ஒண்ணும் இல்லன்னா, பக்கத்துல எது மெத்துன்னு இருக்கோ அதைத்தான் பிடுங்கும்." அப்பன் குருவி, அதான் ரவுடி, காவல் காத்ததும் அந்த மூலையைத்தானாம், நீங்க தினமும் கலைச்சுக்கிட்டே இருந்தா அது யார்கிட்டத்தான் சண்டை போடும்னாங்க, உங்ககிட்டயா போட முடியும்னு கேட்டாங்களா, இல்லை, அதை நானே சேத்துக்கிட்டேனா... காய்ஞ்ச புல்லு நிறையப் போடுங்க, அப்பனை அம்மாகிட்ட விட்டுடுங்க, முட்டைக்கு வேற வழி இருக்கு, அப்புறம் சொல்றேன், குஞ்சுங்க ரெண்டையும் தனிக் கூண்டுல வைங்க, எத்தனை நாளைக்கும்மான்னு கேட்டேன், இறகு முளைக்கற வரைக்குமாவது, வளர்ந்த குஞ்சுதானே சார், தனியா இருந்தா ஒண்ணும் ஆயிடாது, சில சமயம் அதுதான் அதுக்கு நல்லது, அப்படின்னாங்க, ரொம்ப சாதாரணமாச் சொன்னாங்க, எனக்குத்தான் என்னவோ மாதிரி ஆயிடுச்சு, சரிம்மா சரிம்மான்னு ரெண்டு தடவை சொல்லிட்டு வெச்சுட்டேன்.

கீழ காம்பவுண்டுச் சுவத்தோரம் புல்லு காய்ஞ்சு கிடக்கும், பையை எடுத்துக்கிட்டு இறங்கினேன், உட்கார்ந்து பிடுங்கறேன், வரவர மண்ணோட வருது, மண்ணை உதறறேன், உதறினாலும் போகலை, இதைக் கொண்டு போயா என் கூண்டுல போடறது... பக்கத்து வீட்டுக்காரர் வண்டி துடைச்சுக்கிட்டு இருந்தாரு, என்ன சார், மாடு வாங்கிட்டீங்களான்னாரு, குருவிக்குன்னேன், குருவி புல்லு திங்குமான்னாரு, வீடு கட்டுமாம்னேன், சிரிச்சாரு, அப்புறம் துணியைப் பிழிஞ்சுக்கிட்டே, வெறும் அட்டைப்பெட்டி மேல போனதைப் பாத்தேன், பாப்பா கிளம்பறாளான்னு கேட்டாரு, மாப்பிள்ளை வந்து கூட்டிக்கிட்டுப் போறாரான்னு கேக்கலை, நல்ல மனுஷன், நான் வாயைத் திறந்தா ஆமா, ரெண்டு நாள்தான் வந்திருந்தான்னு வந்துது, அதே ரெண்டு நாள், அவரு முகத்துல ஒண்ணும் மாறலை, சரி சார்னாரு, எனக்குத்தான் காது சூடாச்சு, அறுபது நாளா அந்த மனுஷனுக்கு அவளை தினமும் காலையில படியில பாக்கற வழக்கம், குட்மார்னிங் அங்கிள்னு சொல்லிட்டுப் போவா, அவருகிட்டப் போய் யாரை ஏமாத்தறேன் நான், முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து மேல வந்தேன்.

ரவுடியைப் பெரிய கூண்டுல விட்டேன், மன்னிச்சுக்கோடான்னு வாய்க்குள்ள சொன்னேன், என் விரலை ஒரு கொத்து கொத்திட்டுப் போய் அம்மாக்காரி பக்கத்துல உட்கார்ந்துது, கொத்தட்டும், புல்லைத் தட்டு மேல அள்ளிப் போட்டேன், கழுவின கூண்டுல குப்பையைக் கொட்டற மாதிரிதான் இருக்கு, அம்மாக்காரி ஒரு நொடி தாமதிக்கலை, ஒரு நீளப் புல்லைக் கவ்விக்கிட்டு மூலைக்கு ஓடுது, மொட்டையைப் பாக்கக்கூட இல்லை... வாலுவைப் பிடிச்சுச் சின்னக் கூண்டுக்கு மாத்தினேன், அப்புறம் மொட்டை, கையில எடையே தெரியலை, வெறும் சூடு, முதுகைத் தடவலாமான்னு பாத்தேன், தடவலை, இந்த விரலுதானே தினமும் வழிச்சுது, நான் எடுக்க எடுக்க அது பிடுங்கியிருக்கு, எடுக்காம இருந்திருந்தா நாலு இறகோட நின்னிருக்கும், அப்ப பிடுங்கினது யாரு, தன் முதுகு தனக்குத் தெரியாதும்பாங்க... சரி சரி, குருவி வேற மனுஷங்க வேற, போட்டுக் குழப்பிக்காதே, பாப்பா என்ன கூடா கட்டினா, ரெண்டு நாளைக்கு வந்தவ, ஆனா தினமும் காலையில அவ குளிக்கப் போனதும் நீ என்ன பண்றே, போர்வையை உரிக்கறே, தலையணை உறையை உரிக்கறே, மெத்தையை நிமித்திச் சுவத்துல சாத்தறே, வார்டுல ஆளு கிளம்பின படுக்கைக்குப் பண்ற வேலை, அறுபது நாள் அறுபது தடவை, ராத்திரி அவளே வந்து திரும்ப விரிச்சுப்பா, ஜன்னல்ல வெச்ச செடியை மண்ணு சிந்துதுன்னு பால்கனிக்கு மாத்தினேன், சுவத்துல ஒட்டின படத்தைப் பெயிண்ட் உரியும்னு உருட்டி வெச்சேன், சீப்பு, கப்பு, வீட்டுச் செருப்பு, எல்லாம் அவ பெட்டிக்குள்ளதான், திருடினேனா, அவ சாமானை அவ பெட்டியில வெச்சேன், போகும்போது எதையும் விட்டுட்டுப் போகக் கூடாதேன்னு... போகும்போது, கேட்டியா... முந்தாநாள் அந்தச் சண்டையில பேப்பருக்குப் பின்னாடி உட்கார்ந்திருந்த எனக்கு நல்லாத் தெரியும், கப்பு பெட்டி அடியில காகிதம் சுத்தி இருக்குன்னு, ஒரு கப்புக்கு யாராவது இப்படிக் கத்துவாங்களா, இது வேற ஏதோ பழைய பகைன்னு நினைச்சேன், இல்லை, நினைச்ச மாதிரி இருந்துட்டேன், அதான் உண்மை.

அடுப்படிக்குப் போனேன், என் வீட்டுக்காரி ராத்திரிக்குன்னு பாப்பாவுக்கு டப்பாவுல சாப்பாடு எடுத்து வெச்சுக்கிட்டு இருந்தா, நின்னேன், என்னன்னு கேக்கலை அவ, முப்பத்தி மூணு வருஷத்துல நான் சும்மா வந்து நின்னா என்னன்னு கேக்கறதை எப்பவோ விட்டுட்டா, பாப்பா சாமானை எல்லாம் நான்தான் எடுத்து வெச்சேன், உனக்குத் தெரியுமான்னு கேட்டேன், உங்களைத் தவிர யாரு கப்புக்குக் காகிதம் சுத்துவாங்கன்னா, திரும்பிப் பாக்காம, அப்ப ஏன் சொல்லலை, அன்னைக்கு உன்னை அந்தப் பேச்சுப் பேசினா, நானும் உன்னைத்தான் கண்டிச்சேன், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே... "எங்கிட்ட கத்தினா கத்திட்டு அரை மணி நேரத்துல சாப்பிட வந்துடுவா. நீங்க அப்படியா? ஒரு வார்த்தை பேசினா ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுப்பீங்க. அவ போக்கிடம் இல்லாம வந்திருக்கா, விடுங்கன்னு இருந்துட்டேன்." டப்பா மூடி சரியாப் பொருந்தலை, அழுத்தி அழுத்திப் பாத்தா, நான் வாங்கி மூடிக் குடுத்தேன், கண்ணு கலங்கியிருந்துது அவளுக்கு, எனக்கு அவ கையைப் பிடிச்சுக்கணும் போல இருந்துது, டப்பாவைத்தான் பிடிச்சுக்கிட்டு நின்னேன், ரெண்டு மாசமா ஒருத்தி செய்யாத தப்புக்கு ஏச்சு வாங்கிக்கிட்டு எனக்கும் சேத்து சமைச்சிருக்கா.

பாப்பா அறைக் கதவு திறந்துதான் இருந்துது, உள்ள போகாம நிலைப்படியிலயே நின்னேன், இன்னைக்கு அவளே மெத்தையை நிமித்திச் சாத்தியிருக்கா, போர்வை எட்டா மடிச்சு, விளிம்பு வெளிய தெரியற மாதிரி, என் மடிப்பு, நான் சொல்லிக் குடுத்ததே இல்லை, தரையில உட்கார்ந்து சட்டைகளை மடிச்சு மடிச்சுப் பெட்டிக்குள்ள வெச்சுக்கிட்டு இருக்கா, அறையில அவ இருந்ததுக்கு ஒரு அடையாளம் இல்லை, சுவத்துல ஒரு ஆணிகூட இல்லை, மொட்டை எப்படிப்பா இருக்குன்னா, தனியா வெச்சிருக்கேன், முளைச்சுடுமாம்னேன், அதோட திரும்பிப் போயிருக்கலாம், போகலை. "பாப்பா, உன் சாமானை எல்லாம் எடுத்தது நான்தான். உங்கம்மா இல்ல." அவ நிமிந்து பாக்கலை. "தெரியும்ப்பா." தெரியுமாம், எத்தனை நாளா, முதல் நாள்ல இருந்தேவா, தலையணையில இருந்தேவா, எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, இந்த வீட்டுல எது எங்க இருக்குன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்திருக்கேன்... "தெரிஞ்சுமா அம்மாகிட்ட அந்தக் கத்து கத்தினே?" மடிச்ச சட்டையை மடி மேல வெச்சு அதோட காலரை நீவி விட்டுக்கிட்டே சொன்னா, குரல் ரொம்ப மெதுவா, கடையில பேசுவாளே அந்த மாதிரி. "அம்மாகிட்ட கத்தினா கத்தினதோட போயிடும். உங்ககிட்ட கத்தினா, சரி அப்ப கிளம்புன்னு சொல்லிடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு."

சொல்லியிருப்பேனா, நானா, பெத்த பொண்ணையா, கிளம்புன்னா... இல்லைன்னு சொல்லணும், இப்பவே, அவ வாய் மூடறதுக்கு முன்னாடி, அதுல யோசிக்க என்ன இருக்கு, இல்லைன்னா இல்லைதானே, ஆனா பக்கத்து வீட்டுக்காரர், மாப்பிள்ளை, ரெண்டு நாள் வந்திருக்கா, சுவத்துல சாத்தின மெத்தை, எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு முன்னாடி வந்து நிக்குது, அவ காத்துக்கிட்டு இருக்காளா, இல்லை, அவ இன்னொரு சட்டையை எடுத்து உதறிட்டா, சட்டைக் கையைப் பின்னாடி மடக்கி, பாதியா மடிச்சு, திரும்பப் பாதியா, பொண்ணே, கொஞ்சம் மெதுவா மடியேன்... இல்லம்மான்னு சொன்னேன், சத்தமாவே சொன்னேன், மனசாரத்தான் சொன்னேன், ஆனா நான் சொல்றதுக்குள்ள அவ ரெண்டு சட்டையை மடிச்சு முடிச்சுட்டா.